உயிர்ச்சத்து உள்ளெடுப்பின் மரபணுக் கட்டுப்பாடு

உயிர்ச்சத்து உள்ளெடுப்பின் மரபணுக் கட்டுப்பாடு என்பது, ஓர் உயிரணு தன்னிடம் உள்ள உயிர்ச்சத்தின் அளவுக்கு ஏற்ப, அச்சத்தை உள்ளே கொண்டுவரும் புரதங்களின் உற்பத்தியைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும் செயல்முறை ஆகும். வைட்டமின் என்று பரவலாக அழைக்கப்படும் உயிர்ச்சத்துக்கள் மிகச் சிறிய அளவில் மட்டுமே தேவைப்படுவன. எனினும் அவை இன்றி உயிரணுவின் முக்கியமான வேதிவினைகள் பல நடைபெறா. பெரும்பாலான உயிர்ச்சத்துக்கள் உயிரணுவின் மென்சவ்வைத் தாமாகப் போதிய அளவில் கடக்க இயலாதவை. எனவே அவற்றுக்கெனத் தனி நுழைவாயில் புரதங்கள் உள்ளன. இப்புரதங்களை எப்பொழுது, எத்தனை உருவாக்குவது என்பதை உயிரணு தன் மரபணுக்களின் வெளிப்பாட்டின் வழியே முடிவு செய்கிறது.

இக்கட்டுப்பாடு பாக்டீரியா முதல் மனிதர் வரை பல உயிரினங்களில் காணப்படுகிறது. மிக நன்றாக ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு, எசரிக்கியா கோலை என்னும் குடல்வாழ் பாக்டீரியா உயிர்ச்சத்து பி12-ஐ உள்ளெடுக்கும் முறையாகும். இதில் உயிர்ச்சத்தின் அளவை அறியும் பணியைப் புரதம் எதுவும் செய்வதில்லை. நுழைவாயில் புரதத்துக்கான செய்தியைத் தாங்கிச் செல்லும் ஆர்.என்.ஏ. இழையே அதனைச் செய்கிறது.

மரபணு வெளிப்பாடு

டி.என்.ஏ.வில் உள்ள ஒரு மரபணு முதலில் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. பின்னர் ரைபோசோம்கள் அத்தூது ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதத்தை உருவாக்குகின்றன. இரண்டாவது நிகழ்வு மொழிபெயர்ப்பு எனப்படுகிறது. இவ்விரு படிகளும் சேர்ந்ததே மரபணு வெளிப்பாடு ஆகும். இவற்றுள் எந்தப் படியைத் தடுத்தாலும் புரதத்தின் அளவு குறையும். உயிர்ச்சத்து உள்ளெடுப்பைப் பொறுத்தவரை, சில உயிரினங்கள் படியெடுப்பையும் சில மொழிபெயர்ப்பையும் கட்டுப்படுத்துகின்றன.

கட்டுப்பாட்டின் தேவை

நுழைவாயில் எப்பொழுதும் திறந்திருந்தால் உயிரணுவுக்கு மூன்று வகையில் இழப்பு ஏற்படலாம்.

1. வீண்செலவு: புரதம் ஒன்றை உருவாக்க அமினோ அமிலங்களும் ஆற்றலும் தேவை. தேவையான அளவு உயிர்ச்சத்து கிடைத்த பின்னரும் நுழைவாயில்களைக் கட்டிக்கொண்டிருப்பது பயனற்றது.
2. மிகுதியால் வரும் கேடு: உயிர்ச்சத்து ஏ போன்ற சில சத்துக்கள் அளவுக்கு மீறினால் நஞ்சாகின்றன.
3. வாயிலின் வழியே வரும் பகை: உயிரணுவின் வெளிப்புறத்தில் உள்ள ஏற்பிகளைப் பிற நச்சுப் புரதங்களும் வைரசுகளும் பற்றிக்கொண்டு உள்ளே நுழையக்கூடும்.

மாறாக, வாயில் போதிய அளவு இல்லாவிட்டால் உயிர்ச்சத்துப் பற்றாக்குறை ஏற்பட்டு, போட்டி மிக்க சூழலில் உயிரணு பின்தங்கிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைப் பேணுவதே கட்டுப்பாட்டின் நோக்கம்.

எசரிக்கியா கோலையில் பி12 உள்ளெடுப்பு

பி12-இன் பயன்

எசரிக்கியா கோலை பி12-ஐ முழுமையாகத் தானே உருவாக்க இயலாதது. ஆயினும் பி12 இன்றியும் அதனால் வாழ முடியும். மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தை உருவாக்கும் இறுதிப் படிக்கு இப்பாக்டீரியாவிடம் இரண்டு நொதிகள் உள்ளன. மெட்-எச் என்னும் நொதிக்கு பி12 கட்டாயம் தேவை. மெட்-ஈ என்னும் நொதிக்கு அது தேவையில்லை. ஆனால் மெட்-ஈ பல மடங்கு மெதுவாகச் செயற்படுவது. ஆகவே பி12 கிடைக்காத பொழுது, இந்நொதியைப் பெருமளவில் உருவாக்கிக் குறையை ஈடுசெய்ய வேண்டியுள்ளது. பி12 கிடைத்தால் இச்சுமை நீங்கும். எத்தனோலமீன் என்னும் பொருளை உணவாகப் பயன்படுத்தவும் இப்பாக்டீரியாவுக்கு பி12 தேவைப்படுகிறது.

நுழையும் வழி

எசரிக்கியா கோலையைச் சுற்றி வெளிச்சவ்வு, உட்சவ்வு என இரண்டு சவ்வுகள் உள்ளன. வெளிச்சவ்வில் போரின் எனப்படும் துளைப் புரதங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 600 டால்டன் வரை நிறையுள்ள சிறு மூலக்கூறுகளே இத்துளைகள் வழியே செல்ல முடியும். பி12-இன் நிறையோ ஏறத்தாழ 1,355 டால்டன். உயிர்ச்சத்துக்களுள் மிகப் பெரியதும் சிக்கலானதும் இதுவே. இதன் அமைப்பைக் கண்டறிந்து 1956-இல் வெளியிட்ட டோரத்தி ஹாட்ஜ்கின் 1964-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

போரின் வழியே புக முடியாத இம்மூலக்கூறு பின்வரும் வழியில் உள்ளே செல்கிறது.

1. வெளிச்சவ்வில் உள்ள பிடியூ-பி என்னும் ஏற்பி, பி12-ஐ இறுகப் பற்றுகிறது. "பிடியூ" என்பது "பி12 உள்ளெடுப்பு" எனப் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம்.
2. உட்சவ்வில் உள்ள டோன்-பி என்னும் புரதம் அளிக்கும் ஆற்றலைக் கொண்டு, பி12 வெளிச்சவ்வைக் கடக்கிறது.
3. இரு சவ்வுகளுக்கும் இடையே உள்ள வெளியில் பிடியூ-எஃப் என்னும் புரதம் அதனை ஏற்றுக்கொள்கிறது.
4. உட்சவ்வில் உள்ள பிடியூ-சிடி என்னும் கடத்தி, ஏ.டி.பி. மூலக்கூறுகளைச் செலவிட்டு அதனை உயிரணுவுக்குள் செலுத்துகிறது.

உயிரணுவுக்குள் வந்த பி12-உடன், பிடியூ-ஆர் என்னும் நொதி அடினோசைல் தொகுதி ஒன்றை இணைக்கிறது. இவ்வாறு உருவாகும் அடினோசைல்கோபாலமின் ஒரு துணைநொதி ஆகும். நுழைவாயிலை மூடுவதற்கான அடையாளமும் இதுவே.

வாயிலின் இடர்

பிடியூ-பி ஏற்பியின் எண்ணிக்கை ஓர் உயிரணுவில் சில நூறு மட்டுமே. இச்சிறு எண்ணிக்கையும் இடர் நிறைந்தது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் தமக்குப் போட்டியான பாக்டீரியாக்களைக் கொல்ல கோலிசின் என்னும் நச்சுப் புரதங்களை வெளியிடுகின்றன. இவற்றுள் ஈ வகைக் கோலிசின்கள் பிடியூ-பி ஏற்பியையே பற்றிக்கொண்டு உள்ளே நுழைகின்றன. கோலிசின் ஈ1 உட்சவ்வில் துளையிடுகிறது. ஈ2 டி.என்.ஏ.வைத் துண்டிக்கிறது. ஈ3 ரைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ.வை வெட்டிப் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. பி.எஃப்.23 என்னும் வைரசும் இதே ஏற்பியின் வழியாகவே எசரிக்கியா கோலையைத் தாக்குகிறது.

பிடியூ-பி மரபணு பழுதடைந்த பாக்டீரியாக்கள் இந்நச்சுப் புரதங்களாலும் வைரசாலும் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் அவை பி12-ஐ உள்ளெடுக்கும் திறனைப் பெரிதும் இழந்துவிடுகின்றன. எனவே சத்து போதிய அளவு கிடைத்தவுடன் வாயில்களின் எண்ணிக்கையைக் குறைப்பது, சிக்கனத்தோடு பாதுகாப்பையும் தரக்கூடியது.

கட்டுப்பாடு நடைபெறும் முறை

பிடியூ-பி மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வில், புரதத்துக்கான குறிப்பு தொடங்குவதற்கு முன்பாக ஏறத்தாழ 240 நியூக்கிளியோடைடுகள் நீளமுள்ள ஒரு முன்பகுதி உள்ளது. இப்பகுதியிலிருந்து புரதம் உருவாவதில்லை. ஆர்.என்.ஏ. ஒற்றை இழையாக இருப்பதால், அதன் ஒரு பகுதி மற்றொரு பகுதியுடன் இணைந்து மடிப்புகளை ஏற்படுத்த வல்லது. இம்முன்பகுதி இரு வேறு விதமாக மடியக்கூடியது.

- பி12 குறைவாக உள்ளபொழுது: ரைபோசோம் வந்து அமர வேண்டிய இடம் திறந்திருக்கிறது. ரைபோசோம் அங்கு அமர்ந்து பிடியூ-பி புரதத்தை உருவாக்குகிறது. வாயில்கள் பெருகுகின்றன.
- பி12 நிறைந்துள்ளபொழுது: அடினோசைல்கோபாலமின் முன்பகுதியில் உள்ள பள்ளம் போன்ற இடத்தில் பொருந்துகிறது. அதனால் ஒரு குறிப்பிட்ட மடிப்பு உறுதிப்படுகிறது. ரைபோசோம் அமரும் இடம் அம்மடிப்புக்குள் மறைந்துவிடுகிறது. புதிய வாயில்கள் உருவாவது பெரிதும் குறைகிறது.

முன்னரே உருவான ஏற்பிகள் இதனால் உடனடியாக அழிவதில்லை. உயிரணு வளர்ந்து பிரியும்பொழுது அவை சேய் உயிரணுக்களுக்குப் பங்கிடப்பட்டு, ஓர் உயிரணுவில் உள்ள எண்ணிக்கை படிப்படியாகக் குறைகிறது.

இங்கு கவனிக்கத்தக்கது, அளக்கப்படும் பொருள் எது என்பதாகும். உயிரணு வெளியில் எவ்வளவு பி12 உள்ளது என்பதை அளப்பதில்லை. உள்ளே வந்து, பயன்படும் வடிவமாக மாற்றப்பட்ட பி12-ஐயே அது அளக்கிறது. அடினோசைல் தொகுதி இல்லாத பி12 வடிவங்கள் இந்த ஆர்.என்.ஏ. பகுதியுடன் மிகக் குறைவாகவே பிணைகின்றன. பிடியூ-ஆர் நொதி பழுதடைந்த பாக்டீரியாக்களில், பி12 மிகுதியாக வழங்கப்பட்டாலும் வாயில்களின் உற்பத்தி வழக்கம்போல் அடங்குவதில்லை. சத்து உள்ளே வந்திருந்தும், அது துணைநொதியாக மாறாததால், உயிரணு தன்னிடம் சத்து இல்லை என்றே நடந்துகொள்கிறது.

கண்டுபிடிப்பின் வரலாறு

மரபணுக்களைக் கட்டுப்படுத்துவன புரதங்களே என்னும் கருத்து 1960-களில் இருந்து உறுதியாக நிலவியது. பாக்டீரியாவில் லாக்டோசு சர்க்கரையைப் பயன்படுத்தும் மரபணுக்களை ஓர் அடக்கிப் புரதம் கட்டுப்படுத்துவது அறியப்பட்டிருந்தது. எனவே பி12-க்கும் அதுபோன்ற ஓர் அடக்கிப் புரதம் இருக்க வேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அத்தகைய புரதம் எதுவும் கிடைக்கவில்லை.

ராபர்ட் காட்னரும் அவருடன் பணியாற்றியோரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், பிடியூ-பி மரபணுவின் படியெடுக்கப்படும் பகுதியே கட்டுப்பாட்டுக்குத் தேவையானது எனக் காட்டினர். 2000-ஆம் ஆண்டில், அடினோசைல்கோபாலமின் இருக்கும்பொழுது ரைபோசோம் இந்தத் தூது ஆர்.என்.ஏ.வுடன் இணைவது தடைபடுகிறது என்பதும் அவர்களது ஆய்வில் தெரியவந்தது.

2002-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு பிரேக்கரின் குழு இப்புதிரை விடுவித்தது. ஆர்.என்.ஏ. இழை தானாகவே மெல்லச் சிதையும் இயல்புடையது. தளர்வாக உள்ள இடங்களில் இச்சிதைவு விரைவாகவும், மடிந்து இறுகிய இடங்களில் மெதுவாகவும் நடக்கும். புரதம் எதுவும் கலவாத தூய ஆர்.என்.ஏ.வுடன் அடினோசைல்கோபாலமினைச் சேர்த்தபொழுது, சிதைவு நிகழும் இடங்கள் மாறின. அதாவது, ஆர்.என்.ஏ.வே துணைநொதியை நேரடியாகப் பற்றித் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டது. அதே ஆண்டில் தயமினுக்கும் ரைபோஃபிளேவினுக்கும் இத்தகைய ஆர்.என்.ஏ. பகுதிகள் இருப்பது நிறுவப்பட்டது. இவற்றுக்கு ரைபோசுவிட்ச், அதாவது ஆர்.என்.ஏ. ஆளி, என்னும் பெயர் வழங்கலாயிற்று.

2012-இல் பி12 ரைபோசுவிட்ச்களின் முப்பரிமாண அமைப்பு படிகவியல் முறையில் வெளியிடப்பட்டது. உயிர்ச்சத்துக்கள் மட்டுமன்றி அமினோ அமிலங்கள், உலோக அயனிகள் முதலியவற்றை அறியும் ரைபோசுவிட்ச்களும் பின்னர் கண்டறியப்பட்டன. இவ்வாறு 50-க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன.

பிற உயிர்ச்சத்துக்கள்

தயமின்

தயமின் (உயிர்ச்சத்து பி1) உயிரணுவுக்குள் தயமின் பைரோபாசுபேட்டு என்னும் துணைநொதியாக மாற்றப்படுகிறது. இத்துணைநொதியைப் பற்றும் ரைபோசுவிட்ச், எசரிக்கியா கோலையில் தயமினை உருவாக்கும் மரபணுக்களையும் அதனை உள்ளெடுக்கும் மரபணுக்களையும் ஒருங்கே கட்டுப்படுத்துகிறது. பேசில்லசு சப்டிலிசு என்னும் பாக்டீரியாவில் இதே வகை ஆர்.என்.ஏ. பகுதி, மொழிபெயர்ப்பைத் தடுப்பதற்கு மாறாகப் படியெடுப்பையே பாதியில் நிறுத்துகிறது. பூஞ்சைகளிலும் தாவரங்களிலும் தயமின் ரைபோசுவிட்ச் காணப்படுவது குறிப்பிடத்தக்கது. அங்கு அது தூது ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படும் முறையை மாற்றுவதன் மூலம் செயற்படுகிறது.

ரைபோஃபிளேவின்

ரைபோஃபிளேவினின் (உயிர்ச்சத்து பி2) துணைநொதி வடிவத்தை அறியும் ரைபோசுவிட்ச், பேசில்லசு சப்டிலிசில் அச்சத்தின் உற்பத்தி மரபணுக்களையும், அதனை உள்ளெடுக்கும் கடத்தியின் மரபணுவையும் கட்டுப்படுத்துகிறது.

பயோட்டின்

பயோட்டினைப் பொறுத்தவரை கட்டுப்பாடு புரதத்தின் வழியே நடைபெறுகிறது. பிர்-ஏ என்னும் புரதம் இரண்டு பணிகளைச் செய்கிறது. பயோட்டின் தேவைப்படும் நொதிகளுடன் அதனை இணைப்பது முதற்பணி. இணைக்க வேண்டிய நொதிகள் தீர்ந்த பின்னர், பிர்-ஏ பயோட்டினைத் தாங்கியபடியே இரண்டிரண்டாகச் சேர்ந்து டி.என்.ஏ.வில் அமர்ந்து, பயோட்டின் உற்பத்தி மரபணுக்களை அடக்குகிறது. பேசில்லசு சப்டிலிசில் பயோட்டின் கடத்தி மரபணுக்களும் இதன் கட்டுப்பாட்டில் உள்ளன. இங்கு இருப்பின் அளவு, தேவையோடு ஒப்பிட்டு அறியப்படுகிறது எனலாம்.

குடல் பாக்டீரியாக்களிடையே போட்டி

மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவை பி12 தேவைப்படுவன. ஆனால் அதனை உருவாக்கக் கூடியவை சிலவே. எனவே பிற பாக்டீரியாக்கள் உருவாக்கிய பி12-க்காகவும் அதனை ஒத்த பொருட்களுக்காகவும் போட்டி நிலவுகிறது. பாக்டீராய்டெசு தீட்டாஅயோட்டாமைக்ரான் என்னும் பாக்டீரியாவில் இதற்கென மூன்று வேறு உள்ளெடுப்புத் தொகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றும் பி12-ஐ ஒத்த வெவ்வேறு பொருட்களை விரும்பி ஏற்கிறது. இம்மூன்றையும் ரைபோசுவிட்ச்கள் கட்டுப்படுத்துகின்றன. எந்தத் தொகுதிகள் உள்ளன என்பதைப் பொறுத்து இப்பாக்டீரியா எலிகளின் குடலில் நிலைபெறுவது மாறுபடுகிறது என 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மனிதரிலும் பிற விலங்குகளிலும்

விலங்குகளில் உயிர்ச்சத்தை அறியும் ரைபோசுவிட்ச் கண்டறியப்படவில்லை. அவற்றின் உயிரணுக்களில் புரதங்களே இப்பணியைச் செய்கின்றன.

உயிர்ச்சத்து ஏ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கேரட், பப்பாளி, முருங்கைக்கீரை போன்ற தாவர உணவுகளில் இருப்பது உயிர்ச்சத்து ஏ அன்று. அதன் மூலப்பொருளான பீட்டா கரோட்டினே அவற்றில் உள்ளது. சிறுகுடலின் உயிரணுக்களில் உள்ள எஸ்.ஆர்-பி1 என்னும் ஏற்பி கரோட்டினை உள்ளெடுக்க உதவுகிறது. பின்னர் பி.சி.ஓ-1 என்னும் நொதி அதனைப் பிளந்து உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றுகிறது. இதன் ஒரு பகுதி ரெட்டினோயிக் அமிலமாகிறது. இவ்வமிலம் உட்கருவில் உள்ள ஏற்பிப் புரதத்துடன் இணைந்து, ஐ.எஸ்.எக்ஸ் என்னும் மற்றொரு புரதத்தின் மரபணுவைத் தூண்டுகிறது. ஐ.எஸ்.எக்ஸ் புரதம், எஸ்.ஆர்-பி1, பி.சி.ஓ-1 ஆகிய இரண்டின் மரபணுக்களையும் அடக்குகிறது. இதன் விளைவாகக் கரோட்டின் உள்ளெடுப்பும் அதன் மாற்றமும் குறைகின்றன. இத்தொடர்பு 2010-இல் எலிகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வில் விளக்கப்பட்டது.

கரோட்டின் நிறைந்த காய்களையும் கீரைகளையும் மிகுதியாக உண்போர் உயிர்ச்சத்து ஏ நச்சுத்தன்மைக்கு ஆளாகாமைக்கு இக்கட்டுப்பாடும் ஒரு காரணமாகும். அவர்களது தோல் மஞ்சள் நிறமடையலாம், ஆனால் அது தீங்கற்றது. ஈரலிலும் மாத்திரைகளிலும் உள்ள ஆயத்த உயிர்ச்சத்து ஏ-க்கு இவ்வாயில் பொருந்தாது. அது பி.சி.ஓ-1 நொதியின் உதவியின்றியே உறிஞ்சப்படுவதால், அளவுக்கு மீறி உட்கொண்டால் நஞ்சாகக் கூடும்.

நீரில் கரையும் உயிர்ச்சத்துக்களிலும் இத்தகைய கட்டுப்பாடு காணப்படுகிறது. தயமின் குறைவான ஊடகத்தில் வளர்க்கப்பட்ட மனிதக் குடல் உயிரணுக்களில், டி.எச்.டி.ஆர்-2 என்னும் தயமின் கடத்தியின் மரபணு வெளிப்பாடு கூடுகிறது. பயோட்டின் குறையும்பொழுது பயோட்டின் கடத்தியின் அளவும் இவ்வாறே உயர்கிறது.

மருத்துவமும் தொழிலும்

உயிர்ச்சத்தைப் போலத் தோற்றமளிக்கும் மூலக்கூறுகளைக் கொண்டு பாக்டீரியாவின் கட்டுப்பாட்டை ஏமாற்ற முடியும். தயமினை ஒத்த பைரித்தயமின் பாக்டீரியாவுக்குள் சென்று துணைநொதி போன்ற வடிவமாக மாறி, தயமின் ரைபோசுவிட்சைப் பற்றுகிறது. உண்மையில் தயமின் பற்றாக்குறை நிலவும்பொழுதும், அது நிறைந்திருப்பதாக உயிரணு கொள்கிறது. தயமின் உற்பத்தியும் உள்ளெடுப்பும் அடங்குகின்றன. இதனை எதிர்த்து வாழும் பாக்டீரியாக்களில் ரைபோசுவிட்ச் பகுதியில் மரபுத் திரிபுகள் காணப்பட்டன.

2015-இல் ரைபோசில் என்னும் செயற்கைச் சேர்மம் அறிவிக்கப்பட்டது. இது ரைபோஃபிளேவின் ரைபோசுவிட்சைத் தாக்கிப் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறது. இத்தகைய மருந்துகளுக்கு ஒரு தடை உண்டு. உற்பத்தி நின்றாலும், பாக்டீரியா நோயாளியின் உடலிலிருந்தே உயிர்ச்சத்தை உள்ளெடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் இசுட்டேபிலோகாக்கசு ஆரியசு என்னும் நோய்க்கிருமியில் உற்பத்தி மரபணுக்களின் முன்னும் உள்ளெடுப்பு மரபணுவின் முன்னும் ஒரே வகை ரைபோசுவிட்ச் உள்ளது. ஒரே சேர்மம் இரு வழிகளையும் ஒருங்கே அடைக்கக்கூடும் என்பதை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. ரைபோசில் இதுவரை நோயாளிகளுக்கான மருந்தாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

தொழில்துறையில் இதன் மறுபக்கம் பயன்படுகிறது. ரைபோஃபிளேவினை ஒத்த ரோசியோஃபிளேவின் என்னும் நச்சுப் பொருளைத் தாங்கி வளரும் பாக்டீரியாக்களைத் தேர்ந்தெடுத்தால், அவற்றுள் பல, ரைபோசுவிட்ச் பழுதடைந்தவையாக இருக்கும். உற்பத்தியை எப்பொழுது நிறுத்துவது என்பதை அறியாத இவை, தமக்குத் தேவையான அளவைவிட மிகுதியான ரைபோஃபிளேவினை உருவாக்குகின்றன. பாலைப் புளிக்கவைக்கப் பயன்படும் இலாக்டோகாக்கசு இலாக்டிசு பாக்டீரியாவிலும் இம்முறையில் ரைபோஃபிளேவின் மிகுதியாக உருவாக்கும் வகைகள் பெறப்பட்டுள்ளன.